சங்கீத ஆசான் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர்

நம் குடியிருப்பிலுள்ள தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லி வைக்காத வீடு அரிது. கர்நாடக சங்கீதத்திற்கு ஆசிரியர் கிடைக்காவிடில் இந்துஸ்தானி சங்கீதமாவது வரட்டும் என்று அனுப்பி வைக்கிறோம். மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பெண் பாட்டு வகுப்புக்குச் சென்று, பாடத்திட்டப்படி பயின்று, பரீட்சையில் தேறி வருவது இன்று நமக்கு வியப்பளிப்பதில்லை. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வடநாட்டில் அது நினைத்துப் பார்க்கவும் இயலாத காரியம். அதனை இயலச் செய்தவர்களுள் முதன்மையானவர் பண்டிட் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர்.

மராட்டிய நாட்டில் குருந்த்வாட் என்னும் சிறு சமஸ்தானத்தில் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தையார் கீர்த்தனம் செய்பவர். சிறு வயதில் ஒரு திருவிழாவின்போது முகத்தருகே பட்டாசு வெடித்து, கண்பார்வை பெரிதும் பழுதுற்றது. படிப்பு நின்றது. கண் சிகிச்சைக்காக மிரஜ் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்ட சிறுவன், அங்கேயே பாலகிருஷ்ணபுவா இசலகரஞ்சிகர் என்னும் பெரும் வித்வானிடம் சீடனாகச் சேர்ந்தான். குவாலியர் பாணியை மராட்டியத்தில் பரப்பியவர் அவ்வித்வான். மிரஜ் அரசரின் ஆதரவில் பல்லாண்டுகள் அப்பியாசம் நடந்தது.

அக்காலத்தே நிகழ்ந்ததாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. ஊர்ப் பெரியோர் கூடிய ஒரு வைபவத்திற்கு, அரசரின் அன்புக்குரியவர் என்பதால் விஷ்ணுவுக்கு அழைப்பு வந்தது; குருநாதருக்கு வரவில்லை. காரணம் கேட்டபோது, அவர் வெறும் பாடகர்தாமே என்று விடை கிடைத்ததாம். பாட்டைக் கேட்டு மகிழ்வோர் பாடுபவனைச் சமமாக அமர்த்த மாட்டார்கள் என்ற அந்த வழக்கு இளைஞரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. 1896-இல் அரசரின் தயவைத் துறந்து மிரஜை விட்டுப் புறப்பட்டார்.

பரோடா, சௌராஷ்டிரம், குவாலியர், மதுரா எனச் சுற்றினார். சமஸ்தானங்களில் பாடிப் பரிசு பெற்றதோடு நில்லாமல், பொதுமக்கள் கட்டணச் சீட்டு வாங்கிக் கேட்கும் கச்சேரிகளையும் நடத்தினார். அரசன் ஒருவனின் மனநிலையை நம்பி வாழாமல், பலரின் சிறு காசை நம்பி வாழலாம் என்பதை வித்வான்களுக்குக் காட்டியது அச்செயல்.

1901-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தோற்றுவித்தார். சமஸ்தானப் பணத்தில் அன்றிப் பொதுமக்களின் ஆதரவை நம்பி எழுந்த சங்கீதப் பள்ளி அது. தொடக்கத்தில் மாணவர் மிகச் சிலரே. நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு எதற்கு என்ற எண்ணம் அன்று வலுவாயிருந்தது. அவரோ பாடல்களின் சிருங்காரச் சொற்களை நீக்கிப் பக்திச் சொற்களை அமைத்தார். துளசிதாசர், சூர்தாசர், மீராபாய் பஜனைகளைக் கற்பித்தார். ஸ்வரக் குறியீடு வகுத்துப் பாடப் புத்தகங்களைச் சொந்த அச்சகத்தில் அச்சிட்டார். பெண்களுக்கும் வகுப்பு நடந்தது. இதில் குறை காண்போரும் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்த முஸ்லிம் உஸ்தாத்களுக்கு அந்தப் பக்திமயமான பள்ளியில் இடம் குறுகிற்று என்பர். அக்குறையில் நியாயம் இருப்பதாகவே நமக்கும் தோன்றுகிறது.

பள்ளியின் உயிர்நாடி உபதேசக வகுப்பு. ஆசிரியராக விரும்பும் இளைஞர் ஒன்பது ஆண்டு தங்கிப் பயில்வதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். உணவும் உறையுளும் பள்ளியின் பொறுப்பு. ஓம்கார்நாத் தாக்கூர், விநாயகராவ் பட்வர்த்தன், நாராயணராவ் வியாஸ் முதலியோர் அவரிடம் உருவானவர்களே.

1908-இல் பம்பாயில் கிளை தொடங்கினார். அது வளரவே, சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் சொந்தக் கட்டடம் எழுப்ப எண்ணிக் கடன் வாங்கினார். இங்கேதான் அவரது வாழ்வின் பெருந்துயரம் தொடங்கிற்று. கட்டடம் எழுந்தது, வட்டியும் எழுந்தது. வட்டி கட்டுவதற்காகவே ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். முடிவில் 1924 வாக்கில் கட்டடம் ஏலத்திற்குப் போயிற்று. கணக்குப் பேரேட்டோடு காலம் கழிக்கும் நமக்கு இப்பகுதியைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. இலவச உணவு உண்ணும் மாணவர் ஒரு பக்கம், அசலோடு வட்டி ஒரு பக்கம். வரவோ கச்சேரிக்குக் கச்சேரி மாறும். அக்கணக்கு நேராகாது என்று சொல்வார் அவரருகே ஒருவரும் இல்லையா? சொந்தக் கட்டடத்திற்குக் கடன் வாங்கலாமா என்று நம் சங்கக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் இவரது நினைவே நமக்கு வருகிறது.

எனினும் மனிதர் அடங்கியவர் அல்லர். காங்கிரஸ் மகாசபைகளில் வந்தேமாதரம் பாடுவது அவரது வழக்கம். 1923-இல் காக்கிநாடாவில் தலைமை வகித்த மௌலானா முகம்மது அலி, தம் மதக் கொள்கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தச் சொன்னார். இது தேசத்தின் பொது மேடை, ஒரு மதத்தின் ஆலயம் அன்று என்று பதிலுரைத்துவிட்டு முழுவதும் பாடியே அமர்ந்தார்.

பிற்காலத்தில் நாசிக்கில் ஆசிரமம் அமைத்து ராமநாம பஜனையில் ஈடுபட்டார். குழந்தைகள் பலரைப் பறிகொடுத்த அவருக்கு எஞ்சிய மகன் தத்தாத்ரேயன் ஒருவனே. 1931-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி, தாம் பாட்டுக் கற்ற மிரஜிலேயே பலூஸ்கர் காலமானார். மகனுக்கு அப்போது வயது பத்து.

அவ்வாண்டிலேயே சீடர்கள் ஒன்றுகூடி அகில பாரதீய காந்தர்வ மகாவித்யாலய மண்டலத்தை நிறுவினர். நம் குழந்தைகளில் பலர் எழுதும் பிரவேசிகா, மத்யமா, விசாரத் பரீட்சைகள் அம்மண்டலம் நடத்துபவையே. விநாயகராவ் பட்வர்த்தன் 1932-இல் புனாவில் பள்ளி தொடங்கினார். ஓம்கார்நாத் தாக்கூர் காசி இந்துப் பல்கலைக் கழகத்தின் சங்கீதக் கல்லூரிக்குத் தலைவரானார். தந்தையை இழந்த சிறுவன் தத்தாத்ரேயனுக்கு விநாயகராவும் நாராயணராவ் வியாஸும் பாட்டுக் கற்பித்தனர். டி. வி. பலூஸ்கர் என்று நாடு போற்றிய அப்பாடகர் 1955-இல், முப்பத்து நான்காம் வயதில் மறைந்தார். பைஜு பாவ்ரா படத்தில் உஸ்தாத் அமீர் கானுடன் அவர் இணைந்து பாடிய பாட்டை நம் வீட்டுப் பெரியோர் இன்றும் கேட்டு மகிழ்கின்றனர்.