இடுப்பு உறையா, கோட் பாக்கெட்டா? ஹாலிவுட் மாற்றிச் சொன்ன வயாட் ஏர்ப்பின் துப்பாக்கிக் கதை!

1876 ஜனவரி 9, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்ற ஊர். அங்கே ஒரு சலூனின் பின்அறையில் போலீஸ்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். (சலூன் என்றதும் முடிவெட்டும் கடையை நினைக்க வேண்டாம். அந்த ஊரில் அது மதுக்கடை, சூதாட்டமும் அங்கேதான்.) இடுப்பு உறையில் இருந்த அவரது ரிவால்வர் மெல்ல நழுவி விழுகிறது. விழும்போது அதன் சுத்தியல் நாற்காலியில் இடிக்க, டமால்!

குண்டு அவருடைய கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டுத் திரும்பி, கூரை வழியாக வெளியே போய்விட்டது. அறையில் இருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். யாருக்கும் காயம் இல்லை. அடுத்த சில நாளில் உள்ளூர் பத்திரிகை இதைக் கிண்டலாகவே செய்தி போட்டது.

அந்தப் போலீஸ்காரர் பெயர் வயாட் ஏர்ப். பின்னாளில் ஹாலிவுட் 'துப்பாக்கி வீரர்களின் அரசன்' ரேஞ்சுக்கு உயர்த்திய அதே ஏர்ப்தான். ஒரு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் அப்படி ஒருவர் இருந்ததே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

கௌபாய் என்றாலே நமக்கு மனதில் வருவது ஒரே படம்தான். தொடை வரை இறங்கித் தொங்கும் தோல் உறை, அதன்மேல் விரல்கள் துடிக்கும் கை. ஜெய்சங்கரின் கௌபாய் படங்கள் வரைக்கும் அதே கதை. ஆனால் நிஜ ஏர்ப்பின் வாழ்க்கையைப் புரட்டினால், முக்கியமான நேரங்களில் துப்பாக்கி உறையிலேயே இல்லை. அது எங்கே இருந்தது என்பதில்தான் இந்த மனிதரின் பாதி வரலாறு இருக்கிறது.

யார் இந்த வயாட் ஏர்ப்?

1848 மார்ச் 19-ல் இல்லினாய் மாநிலத்தின் மான்மவுத்தில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் இருந்தபோது தனக்கு மேலதிகாரியாக இருந்தவரின் பெயரையே மகனுக்கு வைத்தார். 1870-ல் மிசூரியின் லமார் ஊரில் கான்ஸ்டபிள் வேலை. கல்யாணம் ஆன ஒரு வருடத்துக்குள் மனைவி யுரில்லா இறந்துபோனார்.

அதன்பிறகு ஆள் தடம் மாறினார். வசூலித்த பணத்தை ஒழுங்காகக் கட்டவில்லை என்று ஒரு வழக்கு, குதிரை திருடியதாக இன்னொரு வழக்கு, விபசார விடுதியில் பிடிபட்டு அபராதம். சினிமாக்காரர்கள் இந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிப் போய்விடுவார்கள். 1875-ல் விச்சிட்டா போலீஸில் சேர்ந்த பிறகுதான் ஏர்ப் மறுபடி சட்டத்தின் பக்கம் வருகிறார். அங்கே சேர்ந்த சில மாதங்களில்தான் அந்த நாற்காலி சம்பவம்.

அது ஏன் வெடித்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். அந்தக் கால ரிவால்வரில் தோட்டா போட ஆறு அறைகள் இருக்கும். சுத்தியல் எந்த அறைமேல் படுத்திருக்கிறதோ அதில் தோட்டா இருந்தால் ஆபத்து. விசையை யாரும் தொடவே வேண்டாம், சுத்தியலில் பலமாக ஒரு அடி விழுந்தால் போதும், வெடித்துவிடும். தற்செயல் அடியைத் தடுக்கும் நம்பகமான பாதுகாப்பு அமைப்பு அந்தத் துப்பாக்கிகளில் இல்லை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஐந்து தோட்டாதான் போடுவார்கள். ஆறாவது அறை காலி, சுத்தியல் அதன்மேல்.

ஏர்ப் அன்று அதைச் செய்யவில்லை. அதோடு உறையும் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கவில்லை.

நடக்கும்போது சரியாக இருக்கும் உறை, உட்காரும்போது எதிரியாகிவிடும். தோட்டா போட்ட பிறகு ஒரு கிலோவுக்கும் மேல் கனக்கும் இரும்பு அது. உட்கார்ந்தால் விலாவில் குத்தும், கைப்பிடி நாற்காலியில் இடிக்கும், சாய்ந்தால் உறை சரியும். வசதிக்காகத் தளர்த்தினால் நழுவும். இறுக்கினால் குத்தும். இன்றைக்குத் துப்பாக்கி உரிமம் உள்ளவர்களிடம் கேட்டாலும், உறை வாங்கும்போது உட்கார்ந்து பார்த்து வாங்கு, தலைகீழாகப் பிடித்தாலும் துப்பாக்கி விழாத உறையாக வாங்கு, விசையை முழுசா மூடியிருக்கணும் என்றுதான் சொல்வார்கள். 150 வருடத்தில் பிரச்னை பெரிதாக மாறவில்லை.

துப்பாக்கிக்குத் தடை போட்ட ஊர்கள்

விச்சிட்டாவுக்கு அடுத்து டாட்ஜ் சிட்டி. அங்கே 1879 வரை துணை மார்ஷல் வேலை பார்த்தார். அந்த வருடம் டிசம்பரில் அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊருக்கு வந்து சேர்ந்தார். வெள்ளிச் சுரங்கத்தால் ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்த ஊர் அது. அண்ணன் வர்ஜில், தம்பி மார்கன், நண்பர் டாக் ஹாலிடே எல்லோரும் அங்கே கூடினார்கள். ஹாலிடே படித்தது பல் மருத்துவம், பார்த்தது சூதாட்டம், உடம்பில் காசநோய்.

'வைல்டு வெஸ்ட்' என்றால் எல்லோரும் துப்பாக்கியோடு சுற்றினார்கள் என்று நினைக்கிறோம், இல்லையா? டாட்ஜ் சிட்டியிலும் சரி, டூம்ஸ்டோனிலும் சரி, ஊருக்குள் ஆயுதம் எடுத்துச் செல்லத் தடை இருந்தது. 1881 ஏப்ரலில் டூம்ஸ்டோன் நகர மன்றம் கொண்டுவந்த சட்டம் 'அவசரச் சட்டம் எண் 9'. வெளியூரிலிருந்து வருபவர்கள் துப்பாக்கியைக் குதிரை லாயத்திலோ சலூனிலோ ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்குள் நடமாட வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன நடக்கும்? துப்பாக்கியை விட மனசில்லாதவன் அதை மறைப்பான். இடுப்பு உறை ஊருக்கே தெரியும். கோட் பாக்கெட்டும் பேன்ட் இடுப்பும் தெரியாது.

அந்த 30 விநாடி

1881 அக்டோபர் 26. முந்தின இரவிலிருந்தே ஏர்ப் சகோதரர்களை மிரட்டிக்கொண்டிருந்த ஐக் கிளாண்டன் என்பவரைக் காலையில் ஆயுதம் வைத்திருந்ததற்காகப் பிடித்து, கோர்ட்டில் 25 டாலர் அபராதம் போட்டார்கள். கோர்ட் வாசலில் ஐக்கின் நண்பர் டாம் மெக்லாரியை வயாட் ஏர்ப் துப்பாக்கியாலேயே மண்டையில் அடித்தார். மதியத்துக்குள் கிளாண்டன், மெக்லாரி ஆட்கள் ஃப்ரீமான்ட் தெருவில் ஒரு காலி மனையில் ஆயுதத்தோடு நிற்பதாகத் தகவல் வந்தது.

நகர மார்ஷலாக இருந்த வர்ஜில் கிளம்பினார். சட்டப்படி அவர் செய்யப் போனது ஆயுதப் பறிமுதல். அப்போது இவர்களுடைய துப்பாக்கிகள் எங்கே இருந்தன?

வர்ஜிலின் ரிவால்வர் பேன்ட் இடுப்பில் செருகியிருந்தது. வயாட் ஏர்ப் கையில் பிடித்து, கோட்டுக்குள் மறைத்திருந்தார். வர்ஜில் ஒரு குட்டையான ஷாட்கன்னை ஹாலிடேவிடம் கொடுத்து, பதிலுக்கு அவருடைய கைத்தடியை வாங்கிக்கொண்டார். தெருவில் ஜனங்கள் பயந்துவிடக் கூடாது என்று ஹாலிடே அதைத் தன் நீளமான கோட்டுக்குள் மறைத்தார்.

வழியில் ஷெரீப் ஜானி பீஹன் குறுக்கே வந்தார். எதிராளிகளின் ஆயுதங்களை வாங்கிவிட்டதாக அவர் சொன்னார் என்பது ஏர்ப் தரப்பு வாதம். அதைக் கேட்டதும் வர்ஜில் இடுப்புத் துப்பாக்கியைத் தள்ளி இடது பக்கம் கொண்டுபோனார், கைத்தடியை வலது கைக்கு மாற்றினார். வயாட் ஏர்ப் கையில் இருந்ததை ஓவர்கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இரண்டு பேருமே பின்னாளில் கோர்ட்டில் சொன்ன விவரம் இது. சண்டைக்குத் தயாராகப் போகிறவன் செய்கிற காரியமா இது என்பதே அவர்களுடைய தரப்பின் பெரிய பலமாகவும் ஆனது.

சுமார் 30 விநாடி, சுமார் 30 குண்டுகள். பில்லி கிளாண்டன், ஃப்ராங்க் மெக்லாரி, டாம் மெக்லாரி மூவரும் செத்தார்கள். வர்ஜிலுக்குக் காலில், மார்கனுக்குத் தோளில் காயம். ஹாலிடேவுக்கு இடுப்பில் சிராய்ப்பு. வயாட் ஏர்ப் மேல் ஒரு கீறல்கூட இல்லை. 'ஓ.கே. கொரால் சண்டை' என்று பெயர் பெற்றாலும், நடந்தது அந்தக் குதிரைக் கொட்டிலுக்குள் அல்ல, கொஞ்சம் தள்ளி ஒரு போட்டோ ஸ்டூடியோவை ஒட்டிய குறுகலான இடத்தில்.

புடைத்திருந்தது துப்பாக்கியா, பணமா?

மறைத்து வைக்கும் துப்பாக்கிக்கு ஒரு இன்னொரு பக்கம் உண்டு. அது இருந்ததா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டாம் மெக்லாரி விஷயத்தில் அதுதான் நடந்தது.

டாம் அன்று மதியம் சட்டப்படி தன் ரிவால்வரை ஒரு சலூனில் ஒப்படைத்திருந்தார். அதற்குச் சாட்சி இருந்தது. செத்த பிறகு அவர் உடம்பில் தோட்டா பெல்ட் இல்லை, துப்பாக்கியும் கிடைக்கவில்லை. அப்படியானால் ஏர்ப் கும்பல் நிராயுதபாணியைச் சுட்டதா?

ஹோட்டல் நடத்திய ஒருவர் வேறு மாதிரி சாட்சி சொன்னார். டாம் ஒரு கறிக்கடைக்குள் போகும்போது பேன்டின் வலது பாக்கெட் தட்டையாக இருந்ததாம், வெளியே வரும்போது துப்பாக்கி வைத்தது போலப் புடைத்திருந்ததாம். ஆனால் டாமின் உடம்பிலிருந்து 2,900 டாலருக்கு மேல் பணமும் காசோலையும் எடுத்தார்கள். புடைப்பு அந்தப் பணக்கட்டாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஒரு மாதம் நடந்த விசாரணையில் நீதிபதி வெல்ஸ் ஸ்பைசர் வழக்கை மேலே அனுப்ப ஆதாரம் போதாது என்று ஏர்ப் சகோதரர்களையும் ஹாலிடேவையும் விடுவித்தார். டாம் நிராயுதபாணியாகவே இருந்திருந்தாலும் அது ஒன்றே இவர்களைக் குற்றவாளிகளாக்காது என்பது அவர் முடிவு. அதே நேரம் முன்பகை உள்ள தம்பியையும் ஹாலிடேவையும் வர்ஜில் துணைக்குக் கூட்டிப்போனது தவறு என்று கண்டிக்கவும் செய்தார்.

தளர்த்திய பெல்ட்

பழி தொடர்ந்தது. டிசம்பர் 28-ம் தேதி இரவு வர்ஜிலை மறைந்திருந்து சுட்டார்கள். உயிர் பிழைத்தார், இடது கை போனது. 1882 மார்ச் 18-ல் பில்லியர்ட்ஸ் விளையாடிக்கொண்டிருந்த மார்கனை முதுகில் சுட்டுக் கொன்றார்கள்.

அதற்குப் பிறகு வயாட் ஏர்ப் விசாரணை, கோர்ட் எதற்கும் காத்திருக்கவில்லை. கூட்டாளிகளோடு குதிரையேறிக் கிளம்பி, சந்தேகப்பட்டவர்களைத் தேடித் தேடிச் சுட்டார். இதை வீரம் என்று சொல்ல முடியாது. பேட்ஜ் குத்திக்கொண்டு செய்த பழிவாங்கல்.

மார்ச் 24-ல் அயர்ன் ஸ்பிரிங்ஸ் என்ற நீர்நிலை அருகே எதிராளிகளோடு திடீரென்று நேருக்கு நேர். வெயிலில் நீண்ட பயணம் என்பதால் வசதிக்காக ஏர்ப் தோட்டா பெல்ட்டைத் தளர்த்தியிருந்தார். சுட்டுக்கொண்டே பின்வாங்கிக் குதிரையில் ஏறப் பார்த்தால், பெல்ட் இடுப்பிலிருந்து சரிந்து தொடையைக் கட்டிப்போட்டுவிட்டது. காலைத் தூக்க முடியவில்லை. சுற்றிலும் குண்டுகள் பறக்க, ஒரு கையால் பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுத்தான் ஏற முடிந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கோட்டில் ஓட்டைகள் விழுந்தன, உடம்பில் ஒன்றும் படவில்லை. விச்சிட்டா நாற்காலிக்கு ஆறு வருடம் கழித்தும் அதே பிரச்னை! அன்று அவர் சுட்டதில் கர்லி பில் என்ற கும்பல் தலைவன் செத்தான் என்று ஏர்ப் சொன்னார்.

குத்துச்சண்டை மேடையில் துப்பாக்கி

அரிசோனாவை விட்டு வெளியேறிய ஏர்ப், சுரங்கம், சூதாட்டம், குதிரைப் பந்தயம் என்று ஊர் ஊராகப் போனார். 1896 டிசம்பர் 2-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பாப் ஃபிட்ஸ்சிமன்ஸ், டாம் ஷார்க்கி இருவரும் மோதிய பெரிய குத்துச்சண்டைக்கு அவர்தான் நடுவர். பரிசு 10,000 டாலர்.

ஏர்ப் மேடை ஏறினார். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோட்டுக்குள் ஏதோ புடைத்திருப்பதைப் போலீஸ் கேப்டன் ஒருவர் கவனித்துவிட்டார். மேடையிலேயே கேட்டு வாங்கினால், முழு அளவு ரிவால்வர்! டூம்ஸ்டோனில் துப்பாக்கி மறைத்தவர்களிடமிருந்து பறிமுதல் செய்யப் போனவர், மறைத்து வைத்திருந்ததற்காகவே 50 டாலர் அபராதம் கட்டினார்.

அதோடு முடியவில்லை. எட்டாவது சுற்றில் ஃபிட்ஸ்சிமன்ஸ் விதிமீறி அடித்ததாகச் சொல்லி ஷார்க்கிக்கு வெற்றி கொடுத்தார். காசு வாங்கிவிட்டார் என்று நாடு முழுக்கப் பத்திரிகைகள் கிழித்தன. ஓ.கே. கொராலைவிட இந்தச் சண்டையால்தான் அவர் பெயர் அன்று அதிகம் அடிபட்டது.

பிறகு வந்த 12 அங்குலக் கதை

அலாஸ்காவின் நோம் நகரில் சலூன் நடத்திக் காசு பார்த்தவர், கடைசி காலத்தை மனைவி ஜோசஃபினோடு லாஸ் ஏஞ்சல்ஸில் கழித்தார். அப்போது சினிமா வளர்ந்துகொண்டிருந்தது. கௌபாய் நடிகர்கள் சிலர் நண்பர்களானார்கள். 1929 ஜனவரி 13-ல் 80 வயதில் இறந்தபோது, சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் நட்சத்திர நடிகர்கள் வில்லியம் எஸ்.ஹார்ட், டாம் மிக்ஸ் இருவரும் உண்டு.

1931-ல் ஸ்டூவர்ட் லேக் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. நாம் அறிந்த மாவீரன் ஏர்ப் அங்கேதான் பிறந்தார். நெட் பன்ட்லைன் என்ற எழுத்தாளர் 12 அங்குலக் குழல் கொண்ட ஸ்பெஷல் ரிவால்வரை ஏர்ப்புக்குப் பரிசளித்தார் என்று லேக் எழுதினார். இதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் 1955-ல் தொடங்கி ஆறு வருடம் ஓடிய டிவி தொடரில் நாயகன் அந்த நீளத் துப்பாக்கியோடுதான் வலம்வந்தார். தொடையில் கட்டும் இறக்கமான உறையும் சினிமா, டிவி பிரபலமாக்கியதுதான். 1880-களில் உறை இடுப்போடு உயரமாக இருக்கும், துப்பாக்கி அதற்குள் ஆழமாகப் புதைந்திருக்கும். வேகமாக உருவ அல்ல, கீழே விழாமல் இருக்க.

டூம்ஸ்டோன் தெருவில் ஏர்ப் அணிந்திருந்த ஓவர்கோட் பாக்கெட்டில் 12 அங்குலக் குழல் நுழையுமா என்று லேக்கை அப்போது யாராவது கேட்டார்களா தெரியவில்லை. ஏர்ப்பின் அஸ்தி கலிஃபோர்னியாவின் கோல்மாவில், ஜோசஃபினின் குடும்பத்தார் அடக்கமான யூதர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.