கோட்டை கட்டியவர் எழுதிய இன்னொரு கணக்கு

யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து மூலைகளையும் மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம் போல் தெரியும். ஒல்லாந்தர் அதை அப்படித் திருத்திக் கட்டிய 17ஆம் நூற்றாண்டில், அந்தக் கலையில் ஐரோப்பா முழுவதும் பேர்பெற்றவர் பிரான்சின் வோபான். அவர் அகதிகளைப் பற்றியும் ஒரு கணக்கு எழுதி வைத்தவர் என்பது எம்மவர்களில் பலருக்குத் தெரியாது.

செபஸ்தியான் லு பிரெத்ர் த வோபான் 1633 இல் பர்கண்டிப் பகுதியின் சிற்றூர் ஒன்றில், வசதி குறைந்த பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். இளம் வயதில் அரசருக்கு எதிராகக் கிளம்பிய படையில் சேர்ந்து, 1653 இல் பிடிபட்டு, அரசரின் பக்கம் மாறினார். 1655 இல் அரச பொறியியலாளர் ஆனார். 1678 இல் நாட்டின் கோட்டைகள் அனைத்துக்கும் பொறுப்பாளரானார். சுமார் 50 முற்றுகைகளை நடத்தினார். ஏறத்தாழ 160 இடங்களில் அரண்களைப் புதிதாகக் கட்டினார் அல்லது திருத்தினார்.

போன ஊர்களில் அவர் மதிலை மட்டும் அளக்கவில்லை. ஆட்கள், கால்நடைகள், விளைச்சல், வரி என்று எல்லாவற்றையும் எண்ணினார். ஒரு பெண் பன்றியின் வாரிசுகள் பத்துத் தலைமுறையில் எத்தனையாகும் என்றுகூடக் கணக்குப் போட்டார். கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்கு இவரைப் பிடித்துப் போனதற்கு இதுவே காரணம்.

1685 இல் பதினான்காம் லூயி புரட்டஸ்தாந்து மக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தார். அவர்கள் ஒல்லாந்து, ஜெர்மனி, சுவிஸ், இங்கிலாந்து என்று தப்பியோடினார்கள். வோபான் கத்தோலிக்கர், அரசரின் சம்பளத்தில் வாழ்ந்தவர். இருந்தும் 1689 இல் ஓர் அறிக்கை எழுதி அமைச்சர் லூவுவாவிடம் கொடுத்தார். 80,000 முதல் 1,00,000 பேர் வரை போய்விட்டார்கள், அவர்களோடு 30 மில்லியன் லிவர் பணமும் போனது, நல்ல கைத்தொழிலாளரும் கடலோடிகளும் படைவீரரும் எதிரியின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்று அதில் நட்டத்தைக் கணக்கிட்டார். அவர்களைத் திருப்பி அழைத்து உரிமையைக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. அது ஏற்கப்படவில்லை. புரட்டஸ்தாந்து மக்களுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைக்க 1787 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கல்லால் எல்லையைக் காத்தவருக்கு, ஆட்கள் போய்விட்டால் மதிலால் பயனில்லை என்பது விளங்கியிருந்தது. எங்களை இழந்த நாட்டிலும் இப்படியொரு நட்டக் கணக்கு எழுதப்பட வேண்டும்.

1703 இல் அவருக்கு மார்ஷல் பதவி கிடைத்தது. ஆனாலும் அவர் வாய் மூடி இருக்கவில்லை. பிரபுக்களுக்கும் குருமாருக்கும் விலக்கு இல்லாமல், எல்லோரும் வருமானத்துக்கு ஏற்ப, பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத வரி கட்ட வேண்டும் என்று புத்தகம் எழுதினார். அனுமதி பெறாமல் அச்சிட்ட அந்தப் புத்தகத்தைப் பறிமுதல் செய்ய 1707 இல் உத்தரவு வந்தது. அதே வருடம் மார்ச் 30 இல் பாரிசில் காலமானார்.

அவர் விட்டுப்போன கோட்டைகளை இன்று காப்பது எந்த அரசரும் அல்ல. 2005 இல் பெசன்சோன் நகரம் முன்நின்று, வோபானின் கோட்டைகள் உள்ள ஊர்களை ஓர் அமைப்பாகச் சேர்த்தது. 2008 இல் 12 இடங்கள் ஒரே தொகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் பெசன்சோனும், சில நூறு பேருக்குள் அடங்கும் மோன்-லூயி என்ற மலையூரும் இதில் அங்கம். ஓரிடத்தில் கடல் காற்று சுவரை அரிக்கிறது. இன்னோரிடத்தில் உறைபனி கல்லைப் பிளக்கிறது. திருத்த வேலையில் ஓர் ஊர் கற்றதை மற்ற ஊர்களும் அறிந்துகொள்ள இந்த அமைப்பு வழிசெய்கிறது.

பெசன்சோன் 1674 இல் வோபான் முற்றுகையிட்டுப் பிடித்த நகரம். அதே நகரம்தான் இன்று அவருடைய கோட்டைகளுக்காக மற்ற ஊர்களை ஒன்று சேர்த்திருக்கிறது. ஊருக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு பிரிவு என்று நிற்கும் நாங்கள் பார்த்துக் கற்க வேண்டியது இது.