புழு வளர்த்த பெண்மணி: மரியா சிபில்லா மெரியன்

வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியில், பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழுவை நம்மில் பலர் பார்த்திருப்போம். சில நாட்களில் அது பச்சை நிறம் பெற்றுக் கொழுத்து, கிளைகளை மொட்டையடித்துவிடும். கண்டவுடன் குச்சியால் தட்டிவிடுவதே வழக்கம். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் அப்படிப்பட்ட ஒரு புழுவை அட்டைப் பெட்டியிலிட்டு, நாள்தோறும் இளந்தளிர் கொடுத்து வளர்த்தோம். கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகளுடன் வண்ணத்துப்பூச்சி வெளிவந்த அன்று காலையில் முதல் பாடவேளை நடக்கவே இல்லை. சகோதரிகள் எங்களை மன்னிப்பார்களாக! அன்றுதான் எங்கள் ஆசிரியை, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதையே வாழ்நாள் பணியாகச் செய்த ஒரு பெண்மணியின் பெயரைச் சொன்னார். அவரைப் பற்றி நாங்கள் அறிந்துகொண்டதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்கிறோம்.

மரியா சிபில்லா மெரியன் அம்மையார் 1647-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தை மத்தேயுஸ் மெரியன், செப்புத் தகட்டில் படம் செதுக்கி நூல்கள் அச்சிடுவதில் புகழ் பெற்றவர். குழந்தைக்கு மூன்று வயதானபோது அவர் காலமானார். தாயார் அடுத்த ஆண்டே யாகோப் மாரெல் என்னும் மலர் ஓவியரை மறுமணம் செய்துகொண்டார். சிற்றப்பன் கொடுமை என்று கதைகளில் படித்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். மாரெல் தம் சீடர்களுக்குக் கற்பித்த வித்தையை இந்தச் சிறுமிக்கும் மனமுவந்து கற்பித்தார்.

பதின்மூன்று வயதில் மரியா பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். முட்டை, புழு, கூடு, அந்து என்று அது மாறி மாறி வருவதைக் கண்டவர், மற்றப் புழுக்களும் இப்படித்தான் மாறுமோ என்று தோட்டந்தோறும் தேடலானார். இதில் என்ன புதுமை என்று நாம் கேட்கலாம். அழுக்கிலும் அழுகலிலும் பூச்சிகள் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பியிருந்த காலம் அது. இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி, ஈக்கள் முட்டையிடாமல் இறைச்சியில் புழு தோன்றாது என்று சோதனை செய்து காட்டியதே 1668-இல்தான். மரியா அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பெட்டியும் இலையுமாக உட்கார்ந்துவிட்டார்.

1665-இல் ஓவியர் யோகான் கிராப் என்பவரை மணந்தார். பின்னர் இருவரும் கணவரின் ஊராகிய நூரம்பெர்க்குக்குக் குடிபெயர்ந்தனர். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. செல்வர் வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்பித்து அம்மையார் பொருள் ஈட்டினார். அவ்வீடுகளின் தோட்டங்களில் நுழைந்து புழு பொறுக்கும் உரிமையும் கூடவே கிடைத்தது!

அவர் வேலை செய்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு புழு கிடைத்தால் அது எந்தச் செடியில் இருந்தது என்று முதலில் குறித்துக்கொள்வார். பெரும்பாலான புழுக்கள் கண்ட இலையையெல்லாம் தின்பதில்லை. தமக்குரிய செடி கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்து சாகும். ஆகவே அந்தச் செடியின் இலையையே தேடிக் கொண்டுவந்து போடுவார். தோல் உரிக்கும்போது நிறம் மாறும். அதையெல்லாம் சிறு தோல்தாள் துண்டுகளில் வண்ணந்தீட்டி வைப்பார். கூட்டுப்புழுவானதும் எத்தனை நாள் கழித்து என்ன வெளிவருகிறது என்று காத்திருப்பார். சில வேளைகளில் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு ஈக்களோ குளவிகளோ வெளிவந்து ஏமாற்றும். அவற்றின் தாய்ப்பூச்சி புழுவின் உடலிலேயே முட்டையிட்டிருக்கும் என்பது இன்று நமக்குத் தெரியும். அம்மையாருக்கு அது புதிர். ஆயினும் கண்டதை மறைக்காமல் எழுதிவைத்தார். எங்கள் இரண்டாவது பெட்டியிலும் ஈதான் வந்தது. எங்களில் ஒருத்தி அழுதே விட்டாள்.

1679-இல் அவருடைய புழு நூலின் முதற்பகுதி ஐம்பது படங்களுடன் வெளிவந்தது. 1683-இல் இரண்டாம் பகுதி. முட்டை, புழு, கூடு, சிறகு விரித்த பூச்சி ஆகிய அனைத்தையும் அதன் உணவுச் செடியின் மீதே ஒரே படத்தில் வரைந்தார். இன்று நம் பாடநூல்களில் காணும் வாழ்க்கைச் சுழற்சிப் படங்களுக்கு இவை முன்னோடிகள் என்றால் மிகையாகாது.

இல்லற வாழ்வு இன்பமாக அமையவில்லை. 1680-களின் நடுவில் அம்மையார் தம் தாயையும் மகள்களையும் அழைத்துக்கொண்டு, நெதர்லாந்தில் எளிய வாழ்வு வாழ்ந்த லபாடியர் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தாரிடம் சேர்ந்தார். உடைமைகளைத் துறந்து வாழ்ந்த அவ்விடத்திலும் அவர் தவளை முட்டைகள் மாறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். தாயார் இறந்தபின், 1691-இல் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வந்து, ஓவியம் விற்று, வண்ணங்கள் விற்று, மகள்களை ஆளாக்கினார்.

அந்நகரத்துச் செல்வர்கள் தொலைநாட்டுப் பூச்சிகளைக் குத்திப் பெட்டிகளில் சேர்த்துவைத்திருந்தனர். அம்மையாருக்கு அவை மனநிறைவு தரவில்லை. எல்லாம் அழகாகச் செத்துக்கிடந்தன. எவ்வாறு பிறந்தன, எதைத் தின்றன என்று சொல்லுவார் யாருமில்லை. போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். தம்முடைய 255 ஓவியங்களை விற்றார். உயில் எழுதிவைத்தார். 1699-இல், 52-ஆம் வயதில், 21 வயது இளைய மகள் தொரோத்தேயாவுடன் தென் அமெரிக்காவிலுள்ள சுரினாமுக்குக் கப்பலேறினார். அரசர் அனுப்பவில்லை, வணிகர் அனுப்பவில்லை, துணைக்கு ஆண்மகனும் இல்லை.

அங்கே டச்சுக்காரர்களுக்குக் கரும்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. புழு தேடும் கிழவியைக் கண்டு நகைத்தனர். அந்தக் கரும்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் வியர்வையால் நடந்தவை. அம்மையாரும் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்திக்கொண்டவரே. காட்டில் வழி வெட்டியவர்கள் அவர்கள்தாம். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செடிகளைப் பற்றி அடிமைப் பெண்களும் பழங்குடிப் பெண்களும் கூறியதை, அவர்கள் கூறியது என்றே குறிப்பிட்டு எழுதினார். நம் வீட்டு வாசல்களில் பூக்கிறதே மயில்கொன்றை, அதன் படத்தருகே எழுதியுள்ள குறிப்பு நெஞ்சை உருக்குவது. தம் வயிற்றுப் பிள்ளையும் அடிமையாக வேண்டாமென்று அதன் விதையை நாடிய தாய்மாரின் துயரத்தை அவர் அங்கே பதிவு செய்திருக்கிறார்.

வெப்பம் தாங்காமல் நோயுற்று, 1701-இல் நாடு திரும்பினார். நான்கு ஆண்டு உழைப்பில், 1705-இல் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய பெருநூல் அறுபது படங்களுடன் வெளிவந்தது. அன்னாசி, கொய்யா, பப்பாளி, மரவள்ளி என நமக்குப் பழகிய செடிகள் பல அதில் உண்டு. அன்னாசிப் பழத்தருகே கரப்பான் பூச்சிகளைக்கூட வரைந்திருக்கிறார்! நீலநிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் சிறகை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, ஓடு வேய்ந்த கூரை போலச் செதில்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் குறித்துள்ளார்.

பிழைகளும் உண்டு. விளக்குப்பூச்சி என்று பெயர் பெற்ற ஒன்று இரவில் ஒளிவிடும் என்று எழுதினார், அது ஒளிவிடுவதில்லை. ஆனால் பறவையைப் பிடித்துண்ணும் பெருஞ்சிலந்தியை அவர் வரைந்தபோது, அது பெண்ணின் கற்பனை என்று பிற்காலத்து அறிஞர் சிலர் தள்ளினர். 1863-இல் ஹென்றி பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர், அமேசான் காட்டில் தாமே கண்டதாக எழுதிய பிறகு ஏளனம் அடங்கிற்று. உயிர்களுக்குப் பெயர் வகுத்த லின்னேயஸ் அவர் படங்களை ஆதாரமாகக் கொண்டு பல பூச்சிகளுக்குப் பெயரிட்டார். 1990-களில் வெளியான ஜெர்மானிய 500 மார்க் நோட்டில் அவர் முகம் இருந்தது.

1715-இல் பக்கவாதம் தாக்கியது. 1717 ஜனவரி 13-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் அம்மையார் உயிர் நீத்தார். அவ்வேளையில் அந்நகருக்கு வந்திருந்த ரஷ்யப் பேரரசர் பீட்டருக்காக அவர் ஓவியங்கள் ஏராளமாக வாங்கப்பட்டன. தொரோத்தேயாவும் தம் கணவருடன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று, அரசரின் காட்சிச்சாலைக்காக ஓவியந்தீட்டி வாழ்ந்தார். அம்மையாரின் குறிப்பேடும் அந்நகரிலேயே காக்கப்பட்டு வருகிறது. அதன் தொடக்கத்தில் இருப்பவை, பதின்மூன்று வயதில் அவர் வளர்த்த பட்டுப்புழுக்கள்.