லாலாங்கையும் கரும்பையும் இணைத்த அம்மையார்

பொன்விழா மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, எங்களுக்கு ஜானகி அம்மாள் நினைவுக்கு வந்தார். காரணம் எங்கள் கடைதான். கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை தோட்டங்களுக்கு உரமும் களைக்கொல்லியும் கொடுக்கிறோம். லாலாங் புல்லுக்கு மருந்து கேட்டு யாரும் வராத நாளில்லை. அந்தப் புல்லைக் கரும்போடு இணைத்துக் கலப்பினம் உண்டாக்கியவர் இவர். போலிடெக்னிக் டிப்ளோமாவோடு படிப்பை நிறுத்திய எங்களுக்கு அவர் ஆய்வு முழுவதும் விளங்கவில்லை, வாழ்க்கை விளங்கியது.

ஜானகி 1897 நவம்பர் 4-ல் தலச்சேரியில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணம். சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்து, ஆசிரியையாகவும் இருந்தார். பிறகு பார்பர் உதவித்தொகை கிடைத்தது. திருமணம் வேண்டாமென்று அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதலில் முதுகலை, 1931-ல் முனைவர் பட்டம்.

அங்கே அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட். இவர் 1918-ல் சுமத்ராவில், அதாவது நம் கடலுக்கு எதிர்க்கரையில், ரப்பர் தோட்டங்களுக்காகத் தாவர ஆய்வு செய்தவர். சேற்றில் கால் வைத்துப் பழகிய நெறியாளர்! பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்பும் நம் பெற்றோர் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்கிறார்கள்; நெறியாளர் யார் என்று கேட்பதில்லை. பயிர் ஆய்வில் அது பெரிய குறை. ஒட்டிய பூ விதை பிடித்து, விதை முளைத்து, செடி வளர்ந்த பிறகுதான் ஆய்வு பலித்ததா என்று தெரியும். பலிக்காவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களில் மாணவரைக் கைவிடாத ஒருவர் தேவை.

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், லாலாங்கோடும் இணைத்தது அங்கேதான். ஆனால் ஆண்கள் நிறைந்த அந்த நிலையத்தில், தனியாக வாழும் பெண் என்பதும் சாதியும் அவருக்குத் தடையாயின. 1939-ல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த நூலை வெளியிட்டார். 1951-ல் நேருவின் அழைப்பில் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது அவருடைய கடைசிக் காலம். எழுபதைத் தாண்டிய வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் சேர்ந்து மருந்துச் செடிகளை ஆராய்ந்தார். 1984 பிப்ரவரி 7-ல் இறக்கும்வரை வேலையை விடவில்லை.

இதையெல்லாம் எங்கள் மச்சானிடம் சொன்னோம். அவர் மகள் செர்டாங்கில் நெல் ஆய்வில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்து இரண்டு வருடமாகிறது. கல்யாணம் தள்ளிப்போகிறதே என்பது அவர் கவலை. முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த அம்மா கடைசிவரை தனியாகவா இருந்தார் என்று மட்டும் கேட்டார். ஆம் என்றோம்; மறைத்துப் பயனில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுவாரம் கடைக்கு வந்தபோது, மகளின் நெறியாளரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.