கச்சோரிக் கடையும் கவி பனாரசிதாசரும்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் ஆசாரியர்கள் இல்லறத்தாருக்கு வகுத்தளித்துள்ளனர். தானம் என்றவுடன் திருக்கோயில் திருப்பணியும், பஞ்ச கல்யாண விழாவின் செலவும், கல்வெட்டில் பொறிக்கப்படும் பெயர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை போற்றத்தக்கனவே. ஆயினும் வரவு குறைந்து செலவு மிகுந்த ஒரு குடும்பத்தை மாதக் கடைசிவரை கொண்டு சேர்ப்பவை பெரும்பாலும் சிறிய உதவிகளேயாகும். அத்தகைய உதவிகளால் பிழைத்து, அவற்றைத் தொகை முதற்கொண்டு ஏட்டில் எழுதிவைத்த சமணப் பெருங்கவி ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் காண்போம். அவர் கவிவர் பனாரசிதாசர்.

நம் சமூகத்திற்கு இவர் முற்றிலும் அயலார் அல்லர். பொன்னூர் மலையில் நாம் வணங்கும் திருவடிகளுக்குரிய குந்தகுந்தாசாரியாரின் சமயசாரத்தை வட இந்தியாவின் எளிய மக்களும் ஓதி மகிழும் வண்ணம் இந்திக் கவிதையில் வழங்கியவர் இவரே. தென்னாட்டில் தோன்றிய ஞான விளக்கை வடநாட்டின் கடைவீதிகளில் ஏற்றிவைத்த வணிகர் என இவரை நாம் கருதலாம்.

பிறப்பும் இளமையும்

பனாரசிதாசர் 1586ஆம் ஆண்டு கோமதி நதிக்கரையிலுள்ள ஜான்பூரில் ஸ்ரீமாலர் குலத்தில் தோன்றினார். தந்தையார் கரக்சேனர் இரத்தின வணிகர். குழந்தைக்கு முதலில் விக்ரமாஜித் என்றே பெயரிட்டனர். பின்னர் காசியிலுள்ள பார்சுவநாதர் ஆலயத்திற்குக் குழந்தையை எடுத்துச் சென்றபோது, அப்பெருமான் அவதரித்த தலத்தின் பெயரையே சூட்டும்படி அங்கிருந்த பூசகர் கூற, பனாரசி என்னும் பெயர் நிலைத்தது.

1598ஆம் ஆண்டு அக்குடும்பத்தைப் பெருந்துன்பம் சூழ்ந்தது. ஜான்பூரை ஆண்ட கிலிச் கான் அந்நகரின் இரத்தின வணிகர்களைச் சிறைப்பிடித்துக் கசையால் அடிப்பித்தான். விடுபட்ட வணிகர்கள் குடும்பத்துடன் திசைக்கொருவராக ஓடினர். கரக்சேனரும் மனைவி மக்களுடன் ஷாஜாத்பூர் என்னும் ஊரை அடைந்தார். அடைமழை கொட்டும் இருண்ட இரவு, தங்க இடமில்லை. அப்பொழுது கரம்சந்த் என்னும் வணிகர் அவர்களை எதிர்கொண்டழைத்து, தம் இல்லத்தையே ஒழித்துக் கொடுத்தார். தானியம், பாத்திரம், படுக்கை யாவும் அவ்வீட்டில் இருந்தன. கரக்சேனர் தயங்கி மறுத்தபோதும் அவர் விடவில்லை. தம் வீட்டாருடன் வேறிடத்தில் தங்கிக்கொண்டார். ஏறத்தாழப் பத்துத் திங்கள் அக்குடும்பம் அங்கே வாழ்ந்தது.

தந்தையார் பொருள் தேடி வெளியூர் சென்றிருந்த நாட்களில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய பனாரசி சோழி வாணிகம் தொடங்கினான். சோழிகள் சில்லறையாகப் புழங்கிய காலம் அது. அவற்றை வாங்கி விற்றுக் கிடைத்த சொற்ப இலாபத்தைப் பாட்டியிடம் கொண்டுவந்து கொடுத்தான். பேரனின் முதல் வருவாயைக் கண்டு மகிழ்ந்த பாட்டி, அதனைக் கொண்டு இனிப்பு வாங்கி ஊராருக்குப் பகிர்ந்தளித்தார். பிறர் வீட்டில் ஒதுங்கியிருந்த நாளிலும் பகிரும் வழக்கத்தை அம்மூதாட்டி கைவிடவில்லை என்பதை நம் இளந்தாய்மார்கள் கருத்திற் கொள்ளவேண்டும்.

ஆக்ராவில் நேர்ந்த இழப்பு

இளமையில் பனாரசிதாசர் படிப்பிலும் காதற் கவிதையிலும் காலம் கழித்தார். பின்னர் மனம் மாறி, தாம் இயற்றிய சிருங்காரக் கவிதை ஏட்டினைக் கோமதி ஆற்றில் எறிந்துவிட்டார். 1610ஆம் ஆண்டில், அவருடைய இருபத்துநான்காம் வயதில், தந்தையார் அவரிடம் இரத்தினங்களும் நெய்யும் எண்ணெயும் ஜான்பூர்த் துணியும் ஒப்படைத்து ஆக்ராவுக்கு அனுப்பினார். வழியில் இடாவா அருகே பெருமழை பிடித்துக்கொண்டது. சத்திரத்தில் இடமில்லை, வீடுகளிலும் இடம் கிடைக்கவில்லை. சேற்றில் நனைந்து அலைந்தவருக்கு இறுதியில் எளிய காவற்காரர்களின் குடிசையே புகலிடமாயிற்று. செல்வர் மாளிகை திறவாத இரவில் ஏழையின் குடிசை திறந்தது.

ஆக்ராவில் அவருக்கு வாணிகம் கைகூடவில்லை. ஆடையில் முடிந்து வைத்திருந்த மணிகள் முடிச்சவிழ்ந்து வீழ்ந்தன. துணியில் சுற்றி வைத்த மாணிக்கங்களை எலி இழுத்துச் சென்றது. கடனுக்கு நகை வாங்கியவர் நொடித்துப்போனார். நோயும் வந்து சேர்ந்தது. கைப்பொருள் யாவும் கரைந்தபின், கடைவீதிக்குச் செல்வதையே அவர் நிறுத்திக்கொண்டார். மாலை வேளைகளில் மதுமாலதி, மிருகாவதி என்னும் காதற் காவியங்களை இசையுடன் படிப்பார். பத்து இருபது பேர் கூடிக் கேட்பர்.

பெயர் அறியாப் பெருந்தகை

அவ்வாறு கேட்க வந்தவர்களுள் கச்சோரி விற்பவர் ஒருவரும் இருந்தார். கச்சோரியாவது உள்ளே பூரணம் வைத்துப் பொரித்தெடுக்கும் பலகாரம். அவரிடமே பனாரசிதாசர் நாள்தோறும் கடனுக்கு வாங்கி உண்டு வந்தார். பற்று ஏறிக்கொண்டே போயிற்று. ஒருநாள் தனிமையில் அவரை அழைத்து, தம்மிடம் பணமேதும் இல்லை என்றும், திருப்பித்தர வழியும் தெரியவில்லை என்றும், இனிக் கடன் தரவேண்டாம் என்றும் உண்மையை உரைத்துவிட்டார். அவ்வணிகரோ சற்றும் முகம் சுளிக்கவில்லை. இருபது ரூபாய் அளவுக்கு ஏறினாலும் தயங்காமல் உண்ணலாம் என்றும், கேட்டு எவரும் நெருக்கமாட்டார் என்றும், விரும்பிய இடத்திற்குத் தடையின்றிப் போகலாம் என்றும் தேற்றினார்.

இச்செயலின் அருமையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அக்காலத்து ரூபாய் சுமார் 11 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயம். தட்டு வைத்துப் பலகாரம் விற்றுப் பிழைப்பவருக்கு இருபது ரூபாய் சிறுதொகையன்று. அவர் இரங்கி இலவசமாக அளித்திருப்பின், நல்ல குலத்தில் பிறந்த அவ்விளைஞர் நாணி விலகியிருப்பார், பசியுடன் இருந்திருப்பார். கணக்கிலேயே எழுதிக் கொடுத்ததால் உண்டவரின் மானம் காக்கப்பட்டது. கேட்டு நெருக்கமாட்டோம் என்றதால் அவருடைய அச்சமும் அகன்றது. ஆகார தானமும் அபய தானமும் ஒரு பலகாரத் தட்டிலேயே கூடி அமைந்தன என்று நாம் கூறுவோம்.

ஆறேழு திங்கள் இவ்வாறு கழிந்தன. பின்னர் மாமனார் வழி உறவினராகிய தாராசந்த் என்பவர் இவருடைய நிலையறிந்து தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கு இரு திங்கள் தங்கியபின், தரம்தாசர் என்பவருடன் ஐந்நூறு ரூபாய் முதலில் கூட்டு வாணிகம் தொடங்கினார். கையில் காசு சேர்ந்ததும் கச்சோரிக்காரரின் கணக்கைத் தீர்த்தார். அத்தனை திங்கள் உண்டதற்கு ஆன தொகை பதினான்கு ரூபாய். முப்பது ஆண்டுகள் கடந்து தம் வரலாற்றை எழுதியபோதும் அத்தொகையை அவர் மறக்கவில்லை. உதவியவர் வாக்கை நம்பினார். பெற்றவர் வாக்கைக் காத்தார்.

சிறுவாட்டுப் பணம்

கூட்டு வாணிகத்தில் ஈட்டியது செலவுக்கே சரியாயிற்று. கணக்கு முடித்துப் பிரிந்தபின் பனாரசிதாசர் மனைவியின் பிறந்தகமாகிய கைராபாத்துக்குச் சென்றார். கணவரின் நிலையைப் பேச்சிலிருந்தே உணர்ந்துகொண்ட அம்மையார், தாம் சேமித்து வைத்திருந்த இருபது ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்து, உயிரோடிருந்தால் மீண்டும் ஈட்டலாம் எனத் தேற்றினார். நம் வீட்டுப் பெண்கள் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்து வைக்கும் சிறுவாட்டுப் பணத்தை ஒத்தது அது. பின்னர் அவர் தம் அன்னையிடம் மட்டும் இரகசியமாகச் செய்தியைக் கூறி, வெளியே தெரிந்தால் கணவர் நாணி ஊரைவிட்டே போய்விடுவார் என வேண்டினார். அந்தத் தாயும் தம்மிடமிருந்த இருநூறு ரூபாயை எவரும் அறியாமல் மகள் கையில் கொடுத்தார். அதனைக் கொண்டே பனாரசிதாசர் மறுபடியும் சரக்கு வாங்கி ஆக்ராவுக்குப் புறப்பட்டார்.

கச்சோரிக்காரர், மனைவி, மாமியார் ஆகிய மூவரும் செய்த உதவியில் ஒரு பொதுத்தன்மை உண்டு. உதவி பெறுபவரின் தலை தாழாதபடி ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டனர். உதவியின் அளவைவிட இதுவே அரிதென்று நாம் கருதுகிறோம்.

சமயசார நாடகம்

அவருடைய பின்வாழ்வு துன்பம் நிறைந்தது. மணந்த மூன்று மனைவியருள் இருவரையும், பிறந்த ஒன்பது மக்களையும் அவர் இழந்தார். அத்துயரத்தினிடையே ஆன்ம விசாரத்தில் நாட்டம் வளர்ந்தது. சுவேதாம்பரக் குடும்பத்தில் பிறந்த அவர், ராஜமல்லரின் உரை வாயிலாகச் சமயசாரத்தைக் கற்றார். கற்றதை முழுமையாக உணராமல், சிறிது காலம் தோழர்களுடன் சேர்ந்து பூசை முதலிய கிரியைகளையும் ஒழுக்க நெறிகளையும் இகழ்ந்து திரிந்ததுண்டு. பண்டிதர் ரூப்சந்தர் ஆக்ராவுக்கு வந்து கோம்மடசாரத்தை விளக்கியபின், இல்லறத்தான் படிப்படியாக ஏறவேண்டிய நிலைகளை உணர்ந்து தெளிவடைந்தார்.

அத்தெளிவின் பயனாக 1636ஆம் ஆண்டு சமயசார நாடகம் நிறைவுற்றது. குந்தகுந்தரின் நூலுக்கு அமிர்தசந்திரர் அருளிய கலச சுலோகங்களைத் தழுவியது அந்நூல். 1641ஆம் ஆண்டு, தம் ஐம்பத்தைந்தாம் வயதில், 675 செய்யுட்களில் தம் வரலாற்றை எழுதி முடித்தார். மனித வாழ்நாள் நூற்றுப்பத்து ஆண்டு என்னும் வழக்குப்படி அது பாதி வாழ்க்கையின் கதை. எனவே அர்த்த கதானகம் எனப் பெயரிட்டார். அதில் தம் நற்குணங்களையும் குற்றங்களையும் ஒளிக்காமல் வரிசைப்படுத்தியுள்ளார். அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை.

அந்நூலில் பேரரசர் அக்பரும் ஜஹாங்கீரும் வருகின்றனர். பெயர் குறிக்கப்படாத கச்சோரிக்காரரும் வருகிறார். அரசர்களின் புகழைப் பாடப் பலர் உண்டு. பதினான்கு ரூபாய்க் கடன் தந்தவரை நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் நினைப்பதற்கு, உண்டவரின் நன்றியுணர்வே காரணம். அவர் அந்நாளில் பசியால் வீழ்ந்திருப்பின் சமயசார நாடகமும் நமக்குக் கிடைத்திராது. தாம் ஊட்டி வளர்த்தது எத்தகைய ஞானப்பயிர் என்பதை அந்தப் பலகார வணிகர் அறிந்திருக்க வழியில்லை.

சிராவக சிராவகியரே! பெருந்தானம் செய்யும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மாதக் கடைசியில் அண்டை வீட்டிற்கு அளந்து கொடுக்கும் ஒரு படி அரிசியும், வட்டியில்லாக் கைமாற்றும், பிள்ளைகள் படித்து முடித்த பாடநூல்களை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும், பற்று நோட்டைக் காட்டி நெருக்காமலிருப்பதும் எவராலும் இயலும். கொடுத்ததைப் பிறரிடம் கூறாமலிருப்பது அதனினும் எளிது, அதனினும் உயர்ந்தது. பெற்றவர்களோ பனாரசிதாசரைப் போலத் தொகையை நினைவில் வைத்துத் திருப்பிச் செலுத்துவதே முறை. அவ்வாறு திரும்பி வரும் பணம்தான் இன்னொரு வீட்டின் அடுப்பை மூட்டுகிறது.

அறம் வாழ்க!