வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ

வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ (ஜூன் 3, 1858 – டிசம்பர் 3, 1945) அமெரிக்காவைச் சேர்ந்த சாலைப் போக்குவரத்துச் சீர்திருத்தவாதி ஆவார். இவர் போக்குவரத்துப் பாதுகாப்பின் தந்தை என அழைக்கப்படுகின்றார். சாலைகள் கூடுமிடத்தில் வண்டிகள் ஒரே திசையில் சுற்றிச்செல்லும் சுற்றுவட்ட (ரவுண்டானா) முறையை முதன்முதலில் வகுத்தவர்களுள் இவரும் ஒருவர்.

இளமை

ஈனோ நியூயார்க் நகரில் செல்வந்தக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஏமோஸ் ஈனோ நில வணிகர். 1867 இல், ஒன்பது வயதில், தாயாருடன் சென்ற குதிரை வண்டி நெரிசலில் சிக்கியது. அங்கு நின்றவை ஏறத்தாழ 12 வண்டிகளே. எனினும் எவர் முதலில் செல்வது என்று அறியாமல் அனைவரும் நீண்ட நேரம் நின்றனர். இந்நிகழ்வு இவர் மனதில் ஆழப் பதிந்தது. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் கல்வி கற்றார்.

போக்குவரத்து விதிகள்

1900 இல் சாலை ஒழுங்கின் தேவை குறித்து இதழொன்றில் கட்டுரை எழுதினார். இவர் வகுத்த விதிகளை 1903 இல் நியூயார்க் காவல்துறை ஏற்றுக்கொண்டது. லண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களுக்கும் இவர் போக்குவரத்துத் திட்டங்களை வகுத்தளித்தார்.

சுற்றுவட்டம்

நியூயார்க்கின் கொலம்பஸ் வட்டத்தில் இவரது ஒருவழிச் சுற்றுமுறை 1905 இல் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் யூஜின் எனார் இதே கருத்தைத் தனியாக முன்வைத்தார். 1907 இல் பாரிஸின் எத்துவால் சதுக்கத்தில் இம்முறை அமைந்தது. நடுத்திட்டின் விட்டம் குறைந்தது 8 மீட்டர் வேண்டும் என்றார் எனார், ஏறத்தாழ 1.5 மீட்டர் அளவுள்ள இரும்பு வட்டே போதும் என்றார் ஈனோ.

நாற்சந்தியில் வண்டிகள் மோதக்கூடிய புள்ளிகள் 32 உள்ளன. ஒற்றைத்தடச் சுற்றுவட்டத்தில் இவை 8 மட்டுமே. வண்டிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச்செல்லாமையே இதற்குக் காரணம்.

முன்னுரிமைச் சிக்கல்

எவர் வழிவிடுவது என்ற வினாவுக்குத் தொடக்கத்தில் அளிக்கப்பட்ட விடை பிழையாயிற்று. வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை என்ற விதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் சென்று வட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. எனவே புதிதாக நுழையும் வண்டி எப்போதும் வலப்பக்கமிருந்தே வரும். அதற்கு வழிவிட உள்ளே உள்ள வண்டி நிற்க நேர்ந்தது. அதன் பின்னால் வருபவை வெளியேறும் வழியை அடைய முடியவில்லை. நெரிசல் மிகும்போது வட்டம் முழுவதும் பூட்டிக்கொண்டது. 1950களில் அமெரிக்கப் பொறியாளர்கள் சுற்றுவட்டங்களைப் பெரிதும் கைவிட்டனர்.

பிரித்தானியா 1966 இல், நுழைபவர் உள்ளே சுற்றுபவருக்கு வழிவிட வேண்டும் என விதித்தது. அதன் பின்னரே சுற்றுவட்டங்கள் பல நாடுகளில் மீண்டும் பரவின. சிறுவயதில் ஈனோ கண்ட சிக்கலும் இதுவே: எவர் முதலில் செல்வது?

இறுதிக் காலம்

1921 இல் போக்குவரத்து ஆய்வுக்காக ஈனோ ஓர் அறக்கட்டளையை நிறுவினார். குதிரையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்ட இவர் தானுந்து ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. 1945 இல் தமது 87 ஆவது வயதில் காலமானார்.