பீரங்கிக் குண்டுக்கு நடுவே 19 வயது ராணி

ஒரு பெண்ணின் தலை. இன்னொரு பெண்ணின் உடல். இரண்டையும் வெட்டி ஒட்டி ஒரு புகைப்படம்!

இன்று கைப்பேசியில் செய்கிற இந்தக் கயமையை 1862-ம் ஆண்டிலேயே செய்துவிட்டார்கள். படத்தில் இருந்த தலை சாதாரணப் பெண்ணின் தலை அல்ல. ஒரு ராணியின் தலை!

அந்த ராணியின் பெயர் மரியா சோபியா. நேப்பிள்ஸ் நாட்டின் கடைசி ராணி. அவள் அரியணையில் இருந்தது இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. ஆனாலும் அவளுடைய படம் ஐரோப்பா எங்கும் விற்றது. படத்தால் அவள் புகழ் பெற்றாள். படத்தாலேயே அவமானமும் பட்டாள்.

சுவர் நிறைந்த ஓவியம்

இத்தாலி இன்று ஒரே நாடு. 1861-க்கு முன்பு அப்படி இல்லை. பல ராஜ்யங்களாகப் பிரிந்து கிடந்தது. தென்பாதியும் சிசிலித் தீவும் சேர்ந்த பகுதிக்கு "இரு சிசிலி ராஜ்யம்" என்று பெயர். நேப்பிள்ஸ் அதன் தலைநகர். 1734 முதல் அங்கே போர்போன் என்ற வம்சத்தார் ஆண்டு வந்தார்கள்.

நேப்பிள்சில் கப்போதிமோந்தே என்ற அரண்மனை இருக்கிறது. இப்போது அது கலைக்கூடம். அங்கே சுவர் நிறைய ஒரு பெரிய ஓவியம் தொங்குகிறது. 1783-ல் ஆஞ்சலிகா காப்மன் என்ற பெண் ஓவியர் தீட்டியது. மன்னன் பெர்டினாண்டு, ராணி மரியா கரோலினா, அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். சிம்மாசனம் இல்லை. மணிமுடி இல்லை. மரநிழல், வேட்டை நாய்கள், யாழ் வைத்திருக்கும் மகள். பார்த்தால், ஒரு பணக்காரக் குடும்பம் தோட்டத்தில் காற்று வாங்க வந்ததுபோல் இருக்கும். ஒரு கவலையும் இல்லாத குடும்பம்!

ஆனால் பத்தே ஆண்டுகளில் அந்த ராணியின் சொந்தத் தங்கை பாரிஸ் நகரில் தலையை இழந்தாள். அவள்தான் பிரெஞ்சு ராணி மேரி அண்டாய்னெட்.

ஓவியத்தில் பிரான்சிஸ் என்ற சிறுவன் இருக்கிறான். அவனுடைய பேரன்தான் நம் கதையின் மாப்பிள்ளை. அவன் பெயரும் பிரான்சிஸ்தான்.

மாப்பிள்ளை வராத கல்யாணம்

மரியா சோபியா ஜெர்மனியில் உள்ள பவேரியாவில், 1841 அக்டோபர் 4-ந் தேதி பிறந்தாள். தந்தை ஒரு பிரபு. ஏரிக்கரையில் பெரிய மாளிகை. பெண் பிள்ளைகள் என்று அடக்கி வைக்கவில்லை. குதிரை ஏறினார்கள். நீந்தினார்கள். காட்டில் ஓடித் திரிந்தார்கள். அக்காள் எலிசபெத் ஆஸ்திரியாவின் சக்கரவர்த்தினி ஆனாள். தங்கையை நேப்பிள்ஸ் இளவரசனுக்குப் பேசி முடித்தார்கள்.

1859 ஜனவரி 8-ந் தேதி மூனிச் நகரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வரவில்லை! அவனுக்குப் பதிலாக வேறொருவர் நின்று சடங்கை முடித்தார். ராஜ குடும்பங்களில் அப்போது இது வழக்கம். பிறகு அக்காள் திரியெஸ்தே துறைமுகம் வரை வந்து வழியனுப்ப, சோபியா கப்பல் ஏறினாள். பிப்ரவரி 3-ந் தேதி பாரி என்ற ஊரில் இறங்கியபோதுதான் கணவன் முகத்தை நேரில் பார்த்தாள். அவளுக்கு வயது 17. அவனுக்கு 23.

பிரான்சிஸ் கூச்ச சுபாவம் உள்ளவன். எந்நேரமும் ஜெபம். அவன் பிறந்த சில நாளிலேயே தாய் இறந்துவிட்டாள். அந்தத் தாய் வடக்கே இருந்த சவாய் வம்சத்து இளவரசி. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும்.

மருமகள் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. மாமனார் இரண்டாம் பெர்டினாண்டு மே 22-ந் தேதி நோயால் இறந்தார். பதினேழு வயதுப் பெண் ராணி ஆனாள்!

அவள் குதிரை ஏறுவதும், கடலில் குளிப்பதும், சிகரெட் பிடிப்பதும் அரண்மனைக் கிழவிகளுக்குப் பிடிக்கவில்லை. முணுமுணுத்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

சிவப்புச் சட்டை வந்தது

1860 மே 11-ந் தேதி, ஆயிரத்துச் சொச்சம் தொண்டர்களுடன் கரிபால்டி சிசிலியில் இறங்கினான். அவர்கள் சிவப்புச் சட்டைப் படை. இத்தாலியை ஒன்றாக்க வேண்டும் என்பது அவர்கள் லட்சியம். நான்கே மாதத்தில் தெற்கு முழுவதும் ஆட்டம் கண்டது. தளபதிகள் பலர் பின்வாங்கினார்கள். மந்திரிகள் கட்சி மாறினார்கள்.

செப்டம்பர் 6-ந் தேதி ராஜாவும் ராணியும் கப்பலில் நேப்பிள்சை விட்டுப் புறப்பட்டார்கள். மறுநாள் கரிபால்டி ரயிலில் வந்து இறங்கினான்!

இத்தாலியிலேயே முதல் ரயில் பாதை 1839-ல் நேப்பிள்சில்தான் போடப்பட்டது. அதைத் திறந்து வைத்தவர் பிரான்சிசின் தந்தை. அந்தத் திறப்பு விழாவைச் சால்வதோரே பெர்கோலா என்ற ஓவியர் அழகாகத் தீட்டி வைத்திருக்கிறார். அப்பா பெருமையோடு தொடங்கிய ரயிலில் மகனுடைய எதிரி வந்து சேர்ந்தான்.

ராஜ்யம் யாருக்குப் போயிற்று? சவாய் வம்சத்து மன்னன் விக்டர் இம்மானுவேலுக்கு. அதாவது, பிரான்சிசின் தாய்வீட்டாருக்கு!

கடற்பாறைக் கோட்டை

நேப்பிள்சுக்கும் ரோமாபுரிக்கும் நடுவே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் உள்ளது கயேத்தா கோட்டை. மிச்சப் படையோடு ராஜாவும் ராணியும் அங்கே புகுந்தார்கள். நவம்பரில் முற்றுகை தொடங்கியது. சியால்தீனி என்ற தளபதி தூரத்தில் நின்றே புது மாதிரிப் பீரங்கிகளால் அடித்தான். கோட்டையின் பழைய பீரங்கிக் குண்டுகள் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

ராணி வெளியேறியிருக்கலாம். பிறந்த வீடு இருந்தது. அக்காள் சக்கரவர்த்தினி. ஆனால் அவள் போகவில்லை. கொத்தளத்துக்கு வந்து பீரங்கிக்காரர்களிடம் பேசினாள். காயம் பட்டவர்களைப் போய்ப் பார்த்தாள். கோட்டைக்குள் விஷக் காய்ச்சல் பரவியது. அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தவில்லை. அவளுக்கு அப்போது வயது 19.

ஜனவரியில் பிரெஞ்சுக் கப்பற்படை விலகிப் போயிற்று. அதுவரை கடல் வழி திறந்திருந்தது. இப்போது அதுவும் அடைபட்டது. பிப்ரவரி 5-ந் தேதி வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. சிப்பாய்களும் ஊர் மக்களும் இடிபாட்டில் புதைந்தார்கள். சரணடையப் பேச்சு நடக்கும்போதும் குண்டு வீச்சு நிற்கவில்லை.

1861 பிப்ரவரி 13-ந் தேதி கோட்டை விழுந்தது. மறுநாள் இருவரும் பிரெஞ்சுக் கப்பலில் ஏறி ரோமாபுரிக்குப் போனார்கள். அங்கே அப்போது போப்பாண்டவர் ஆட்சி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போர்போன் ஆட்சி நல்லாட்சி என்று நினைத்துவிடக் கூடாது. பிரான்சிசின் தந்தை 1848-ல் தன் சொந்த ராஜ்யத்து ஊரான மெசினாவையே குண்டு போட்டு அடித்தவர். அதனால் மக்கள் அவருக்குக் "குண்டு ராஜா" என்றே பெயர் வைத்தார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் சிறையில் வாடினார்கள். ராணி வீராங்கனை என்பதால் ராஜ்யம் நல்லதாகிவிடாது.

படம் செய்த புகழ், படம் செய்த கேடு

கயேத்தா விழுந்தபின் யூஜின் செவேஸ்திர் என்ற புகைப்படக்காரர் இடிந்த மதில்களையும் பீரங்கி மேடைகளையும் படம் பிடித்தார். இரட்டைப் படங்கள் அவை. கண்ணாடி வைத்துப் பார்த்தால் நேரில் பார்ப்பதுபோல் ஆழம் தெரியும். பத்திரிகைச் சித்திரக்காரர்களோ ராணியைக் கொத்தளத்தில் நிறுத்தி வரைந்து தள்ளினார்கள். ரோமாபுரியில் நீண்ட மேலங்கி அணிந்து அவள் நின்ற புகைப்படம் சின்ன அட்டைகளாக விற்பனைக்கு வந்தது. கோட்டையில் போரிட்டவர்களுக்கு ராஜா கொடுத்த பதக்கத்திலும், ராஜாவின் தலையோடு ராணியின் தலையும் பொறிக்கப்பட்டிருந்தது.

விரட்டியவர்களுக்கு இந்தப் புகழ் பொறுக்குமா?

1862 பிப்ரவரியில் ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் பெயரில்லாத உறைகள் வந்தன. உள்ளே, குடும்பத்தார் பார்க்கக் கூடாத படங்கள். முகம் மரியா சோபியாவின் முகம்! கடையில் விற்ற அட்டைப் படத்திலிருந்து தலையை வெட்டி, விலைமாது ஒருத்தியின் படத்தில் ஒட்டியிருந்தார்கள். போப்பாண்டவரின் போலீஸ் துப்புத் துலக்கி, அந்தோனியோ தியோத்தலேவியையும் அவன் மனைவி கோஸ்தான்சாவையும் பிடித்தது. அரசியல் எதிரிகள் பணம் கொடுத்தார்கள் என்று அவள் வாக்குமூலம் தந்தாள்.

பொய் வெளிப்பட்டுவிட்டது. ஆனால் படத்தைப் பார்த்த கண்கள் எத்தனை! வாக்குமூலத்தைப் படித்த கண்கள் எத்தனை! பீரங்கிக்கு நெஞ்சைக் காட்டிய பெண், இந்தக் காகிதத் துண்டுக்கு எதை வைத்துத் தடுப்பாள்?

பிறகு நடந்தது

மணமாகிப் பத்து ஆண்டுகள் கழிந்தபின், 1869 டிசம்பர் 24-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது. கிறிஸ்டினா என்று பெயர் வைத்தார்கள். அக்காள் எலிசபெத் ரோமாபுரிக்கே வந்து உடன் இருந்தாள். மூன்று மாதம்தான். மார்ச் 28-ந் தேதி குழந்தை இறந்தது. அதன்பின் அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

அதே 1870-ல் ரோமாபுரியும் புது இத்தாலியின் கைக்குப் போயிற்று. பவேரியா, பாரிஸ் என்று ஊர் ஊராக வாழ்ந்தார்கள். பிரான்சிஸ் 1894-ல் ஆர்க்கோ என்ற சிற்றூரில் இறந்தான். 1897-ல் பாரிசில் ஒரு தர்மச் சந்தை தீப்பிடித்ததில் சோபியாவின் தங்கை ஒருத்தி கருகி மாண்டாள். மறு ஆண்டு அக்காள் எலிசபெத்தை ஜெனீவாவில் ஒருவன் குத்திக் கொன்றான். சோபியா உயிரோடு இருந்தாள்.

முதல் உலகப் போரின்போது அவள் 70 வயதைத் தாண்டிய கிழவி. ஜெர்மானியர்களிடம் இத்தாலியச் சிப்பாய்கள் பலர் கைதிகளாக இருந்தார்கள். அவளை விரட்டிய அரசின் சிப்பாய்கள்! அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தாள்.

1925 ஜனவரி 19-ந் தேதி மூனிச்சில் கண்ணை மூடினாள். கயேத்தாவை விட்டு வந்து 64 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1984 மே மாதம், ரோமாபுரித் தேவாலயம் ஒன்றில் இருந்த மூன்று பெட்டிகளை நேப்பிள்சுக்குக் கொண்டு வந்தார்கள். ராஜா, ராணி, மூன்று மாதக் குழந்தை. முன்னோர்கள் அடக்கமான சாந்தா கியாரா தேவாலயத்திலேயே வைத்தார்கள். மரநிழலில் கவலையில்லாமல் இருக்கும் அந்தக் குடும்பத்தின் ஓவியமும் அதே ஊரில்தான், கப்போதிமோந்தே குன்றின்மேல் தொங்குகிறது.